டாட்டூவைப் பார்த்து டாக்டர் என்ன தெரிந்துகொள்வார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்கிறார். வந்தது என்னவோ விடாத இருமலுக்கு. ஆனால் அவர் பார்வை தோளில் இருக்கும் டாட்டூவில் போய் நிற்கிறது. "இது எப்போது குத்தியது? தடித்திருக்கிறதே, அரிக்கிறதா?" என்று கேட்கிறார். வந்தவருக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. இருமலுக்கும் டாட்டூவுக்கும் என்ன சம்பந்தம்?

சில சமயம் நேரடியான சம்பந்தம் இருக்கிறது. இருமல்காரரைப் பற்றி நான்காவது கேள்வியில் சொல்கிறேன்.

டாட்டூவைப் பார்த்ததும் டாக்டர் மனதில் என்ன ஓடும்?

படம் புலியா, பூவா, காதலி பெயரா என்பது பெரும்பாலும் அவருக்குப் பொருட்டே இல்லை. அவர் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. எப்போது குத்தியது, யார் கையால் குத்தியது? குத்தி ஆறிய பிறகு இருந்ததைவிட இப்போது ஏதாவது மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் ஒரே ஒரு நிறத்தில் மட்டுமா, எல்லா நிறத்திலுமா?

கடைசிக் கேள்வியைத்தான் பலரும் யோசித்திருக்க மாட்டார்கள். "டாட்டூ முழுக்க அரிக்கிறது" என்பார்கள். வெளிச்சத்தில் விரலால் தடவிப் பார்த்தால் ரோஜாவின் சிவப்பு இதழ் மட்டும் மேடு கட்டியிருக்கும், பச்சை இலை தோலோடு தோலாகச் சமமாக இருக்கும். அந்த ஒரு வித்தியாசமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

மை தோலில் ஊறி நிற்கிறது, அவ்வளவுதானே? அதற்கும் உடல்நலத்துக்கும் என்ன தொடர்பு?

ஊறி நிற்பதில்லை. உடம்பு அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

ஊசி மேல்தோலைத் தாண்டி அடித்தோலில் மையை விடுகிறது. மேல்தோல் உதிர்ந்து உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கும், அடித்தோல் அப்படியில்லை. மை உள்ளே வந்ததும், ஏதோ கிருமி வந்துவிட்டது என்பதுபோல மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள் ஓடி வருகின்றன. மையை விழுங்கிவிடுகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. விழுங்கியதை வயிற்றில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. அந்த செல் சாகும்போது என்ன ஆகும்? 2018-ல் பிரான்சின் மார்சேய் நகர ஆய்வாளர்கள் எலிகளின் தோலில் இதைப் பார்த்தார்கள். செத்த செல் கொட்டிய மையைப் புதிதாக வந்த செல் விழுங்கிக்கொள்கிறது. இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் ஒரு டாட்டூ ஆயுள் முழுக்க நிற்கிறது.

ஆக, நீங்கள் படம் என்று பார்ப்பது உண்மையில் நோய் எதிர்ப்புச் செல்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் இடம். உடம்பின் எதிர்ப்பு சக்தியில் ஏதாவது குழப்பம் வந்தால் அது அங்கே முதலில் தெரிவதில் ஆச்சரியமில்லை.

இன்னொன்று. குத்துவது கறுப்புக் கரி மை, நாம் சொல்வதோ 'பச்சை' குத்துதல். கறுப்பு தோலுக்கடியில் போனதும், ஒளி தோலில் சிதறுவதால் நீலமும் பச்சையும் கலந்ததுபோலத் தெரியும். பெயர் வைத்தவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

சிவப்பு நிறம் மட்டும் தடித்து அரிக்கிறது. ஏன்?

அநேகமாக அந்த நிறத்துக்கு அலர்ஜி. எல்லா நிறங்களிலும் அதிகம் வம்பு செய்வது சிவப்புதான். முன்பெல்லாம் சிவப்புக்குப் பாதரசச் சேர்மம், அதாவது இங்குலிகம் போட்டார்கள். இப்போது பெரும்பாலும் அசோ வகைச் செயற்கைச் சாயங்கள். பாதரசம் போனாலும் அலர்ஜி போகவில்லை.

மற்ற நிறங்களிலும் உலோகங்கள் இருந்திருக்கின்றன, சில மைகளில் இன்னும் இருக்கின்றன. பச்சையில் குரோமியம், நீலத்தில் கோபால்ட், மஞ்சளில் காட்மியம். காட்மியம் கலந்த மஞ்சள் வெயில் பட்டால் வீங்கும், நிழலுக்கு வந்தால் அடங்கும். குரோமியம் அலர்ஜி உள்ளவருக்கு ஈர சிமென்டைத் தொட்டாலும் கை வெடித்து அரிக்கும். கட்டட வேலை செய்பவரின் டாட்டூவில் பச்சை மட்டும் தடித்திருந்தால் கேட்க வேண்டிய கேள்வி "வேலைக்குப் போனால் கை அரிக்கிறதா?" என்பதுதான்.

இந்த அலர்ஜி குத்திய உடனே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாதங்கள் கழித்தும் வரும், வருடங்கள் கழித்தும் வரும். "பத்து வருஷமாக ஒன்றும் செய்யவில்லையே" என்பது அலர்ஜி இல்லை என்பதற்கு ஆதாரமாகாது.

கறுப்புக் கோடுகள் முழுக்கத் திடீரென்று மேடு கட்டுகின்றன. இதுவும் அலர்ஜியா?

இருக்கலாம். ஆனால் இங்கேதான் டாக்டர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். கறுப்பு மைக்கு அலர்ஜி அரிது. பல வருடம் சும்மா கிடந்த கறுப்புக் கோடு கடினமாக, மணி மணியாகத் தடித்தால், அதிலும் உடம்பில் உள்ள எல்லா டாட்டூக்களும் ஒரே சமயத்தில் தடித்தால், சார்காய்டோசிஸ் என்ற நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சார்காய்டோசிஸ் தொற்றுநோய் இல்லை. எதிர்ப்புச் செல்கள் காரணம் தெரியாமல் ஆங்காங்கே கூடி கிரானுலோமா எனப்படும் சின்னச் சின்ன முடிச்சுகளாகத் திரண்டுவிடும். நுரையீரலிலும் மார்புக்குள் இருக்கும் நிணநீர்க் கணுக்களிலும்தான் அதிகம் வரும். கண், தோல், அரிதாக இதயம், நரம்பு என்று எங்கே வேண்டுமானாலும் போகும். பலருக்கு உள்ளே நோய் இருந்தும் வெளியே ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட சிலருக்கு வெளியே தெரியும் முதல் அடையாளம் தடித்த டாட்டூ. விழுங்கு செல்கள் ஏற்கெனவே குவிந்து கிடக்கும் இடம் என்பதால் முடிச்சு கட்ட அங்கே தோதாக இருக்கிறது.

இப்போது அந்த இருமல்காரருக்கு வருவோம். விடாத இருமல், மூச்சு வாங்குகிறது, தோளில் தடித்த டாட்டூ. இவை தனித்தனி மூன்று விஷயங்கள் இல்லாமல் ஒரே நோயின் மூன்று முகங்களாக இருக்கலாம். டாக்டர் டாட்டூவில் ஒரு துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார். மார்பு எக்ஸ்ரே எடுப்பார், ரத்தத்தில் கால்சியம் பார்ப்பார். காசநோயிலும் இதேபோன்ற முடிச்சுகள் வரும் என்பதால் அது இல்லை என்றும் உறுதி செய்துகொள்வார். நுரையீரலுக்குள் குழாய் விட்டுச் சதை எடுப்பதைவிடத் தோளில் எடுப்பது எவ்வளவோ சுலபம். அந்த வகையில் டாட்டூ நல்லதே செய்திருக்கிறது.

கண்ணை மறந்துவிடக் கூடாது. டாட்டூ தடிக்கும் அதே காலத்தில் கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் அது யூவியைட்டிஸ் என்ற உள்கண் அழற்சியாக இருக்கலாம். டாட்டூவும் கண்ணும் சேர்ந்து கெடும் இந்த ஜோடியை மருத்துவ இதழ்கள் தனியாகவே பதிவு செய்திருக்கின்றன. நுரையீரலில் எதுவும் இல்லாமலும் இது வரும். கண் நோய்க்குச் சொட்டு மருந்து வாங்கப் போகிறவர் டாட்டூவைப் பற்றிச் சொல்ல மாட்டார், கண் டாக்டரும் சட்டையைக் கழற்றச் சொல்ல மாட்டார். சிகிச்சை தள்ளிப்போனால் பார்வையே போகக்கூடிய நோய் இது. அதனால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

சில மருந்துகளும் இதே மாதிரி முடிச்சுகளைக் கிளப்பும். எச்.ஐ.வி.க்கு மருந்து தொடங்கி எதிர்ப்பு சக்தி திரும்பி வரும்போது பழைய டாட்டூ வீங்கியது உண்டு. எதிர்ப்பு சக்தியைத் தூண்டிப் புற்றுநோயை அடிக்கும் புதுவகை இம்யூனோதெரபி மருந்துகளிலும் நடந்திருக்கிறது. புது மருந்து தொடங்கிய சில மாதங்களில் டாட்டூ மாறினால் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

சொரியாசிஸ் இருக்கிறது. டாட்டூ போட்டுக்கொள்ளலாமா?

தோல் தடித்துச் செதில் செதிலாக உரியும் இந்த நோய் தீவிரமாக இருக்கும்போது வேண்டாம். தோல் காயப்பட்ட கோட்டிலேயே சொரியாசிஸ் முளைக்கும் குணம் உண்டு. 1870களில் இதை விவரித்த ஜெர்மானியத் தோல் மருத்துவர் ஹைன்ரிஷ் கோப்னர் பெயரால் இது கோப்னர் விளைவு எனப்படுகிறது. அவர் பார்த்த நோயாளிக்குத் தோல் உரிந்த இடத்திலும், குதிரை கடித்த இடத்திலும், பச்சை குத்திய இடத்திலும் அந்தந்த வடிவத்திலேயே சொரியாசிஸ் வந்திருந்தது.

மறுபக்கமும் உண்டு. தனக்குச் சொரியாசிஸ் என்றே தெரியாதவருக்கு டாட்டூ குத்திய சில வாரங்களில் படத்தின் கோட்டை ஒட்டி வெள்ளைச் செதில் வந்து, அப்போதுதான் நோய் வெளியே வருகிறது. வெண்புள்ளியும், அரிக்கும் ஊதாநிறத் தடிப்புகளாக வரும் லைக்கன் பிளானஸ் என்ற தோல் நோயும் இதே வழியில் வரலாம். தழும்பு மேடு கட்டி வளரும் கெலாய்டு உடம்புக்காரரும் குத்திய பிறகுதான் அதைக் கண்டுபிடிப்பார். காது குத்திய இடம் கட்டியானவர்கள் டாட்டூ கடைப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

குத்தி ஒன்றிரண்டு வாரம் ஆகிறது, கொப்புளம் கொப்புளமாக வருகிறது.

முதல் சில நாட்களில் சிவந்து, சூடாகி, சீழ் வைத்தால் அது சாதாரண பாக்டீரியாத் தொற்று. காய்ச்சலோ, பரவும் சிவப்போ இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து, அதுவும் ஒரு நிறத்தில் மட்டும் சின்னச் சின்னச் சிவப்புக் கொப்புளங்கள் வந்தால் கதை வேறு. 2011-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஒரே கலைஞரிடம் குத்திக்கொண்ட பலருக்கு இப்படி வந்தது, சாம்பல் நிறம் பட்ட இடத்தில் மட்டும். காரணம், காசநோய்க் கிருமிக்குத் தூரத்து உறவான மைக்கோபாக்டீரியம் கெலோனே. மையைச் சாம்பல் நிறமாக்கக் கலந்த தண்ணீர் வழியாக மைப் பாட்டில் தயாரான இடத்திலேயே கிருமி ஏறியிருந்தது. கலைஞர் கையுறை போட்டு, புது ஊசி எடுத்து, எல்லாம் சரியாகவே செய்திருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது. வழக்கமான மாத்திரைகளுக்கு இந்தக் கிருமி அசையாது. மாதக்கணக்கில் வேறு மருந்து தேவைப்படும். "மாத்திரை சாப்பிட்டும் ஆறவில்லை" என்று மூன்றாவது முறை போகிறவர்கள் "எந்த நிறத்தில் மட்டும் வருகிறது" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆறாத டாட்டூ சில சமயம் உடம்பின் உள் நிலையையும் காட்டிக்கொடுக்கும். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயில் புண் ஆற இழுத்தடிக்கும். கல்லீரல் கெட்டவருக்குக் கடல் தண்ணீரே ஆபத்து. 2017-ல் வெளியான ஒரு மருத்துவப் பதிவில், நாள்பட்ட கல்லீரல் நோய் உள்ள ஒருவர் டாட்டூ குத்திய ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தினார். விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கடல் பாக்டீரியா புண் வழியாக ஏறியது. அவர் பிழைக்கவில்லை. பிறவி இதயக் கோளாறு உள்ளவர்களும் செயற்கை வால்வு வைத்தவர்களும் இதய டாக்டரிடம் கேட்காமல் குத்தவே கூடாது.

டாட்டூ இருந்தால் மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. டெஸ்ட் ஏன் எடுக்கச் சொல்கிறார்கள்?

உங்கள் நடத்தையைச் சந்தேகப்பட்டு இல்லை, ஊசியைச் சந்தேகப்பட்டு. ஒரே ஊசியையோ மைக் கிண்ணத்தையோ பலருக்கும் பயன்படுத்தினால், மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் கல்லீரல் தொற்றுகளான ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் பரவும். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும், காய்ந்த ரத்தத்திலும்கூட. எச்.ஐ.வி. அவ்வளவு தாக்குப்பிடிக்காது; டாட்டூ வழியாக அது பரவும் வாய்ப்பு மிகவும் குறைவு.

சுத்தமான கடையில், பிரிக்காத புது ஊசியில் குத்தியதற்கும், திருவிழாத் தெருவோரத்திலோ, ஹாஸ்டல் அறையிலோ, சிறையிலோ குத்தியதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால்தான் "எங்கே குத்தியது?" என்ற கேள்வி. வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். ஹெபடைட்டிஸ் சி பல ஆண்டுகள் சத்தமே இல்லாமல் கல்லீரலை அரிக்கும், ஆனால் கண்டுபிடித்துவிட்டால் இப்போது சுமார் 12 வார மாத்திரையில் 95 சதவீதத்துக்கும் அதிகமானவர்களுக்குக் குணமாகிவிடுகிறது. இருபது வருடத்துக்கு முந்தைய டாட்டூவுக்கு இன்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுப்பது வீண் இல்லை.

ரத்த தானம் செய்யக் காத்திருக்கச் சொல்வதும் இதனால்தான். தொற்று ஏறியும் டெஸ்டில் தெரியாத இடைவெளி ஒன்று உண்டு. நாட்டுக்கு நாடு 3 மாதம், 4 மாதம், 12 மாதம் என்று விதி மாறும். டாட்டூ இருந்தால் வாழ்நாள் முழுக்க ரத்தம் கொடுக்க முடியாது என்பது வெறும் வதந்தி.

அக்குளில் நெறி கட்டியிருக்கிறது. கையில் டாட்டூ இருப்பதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். மையில் ஒரு பங்கு நிணநீர் வழியாக நகர்ந்து பக்கத்து நிணநீர்க் கணுக்களில் போய்த் தங்கும். கை டாட்டூவின் மை அக்குளுக்கு, கால் டாட்டூவின் மை இடுப்பு மடிப்புக்கு. அறுத்துப் பார்த்தால் கணு கறுப்பாகவோ நீலமாகவோ இருக்கும்.

மெலனோமா என்ற தோல் புற்றுநோய் பரவினாலும் கணு கறுப்பாகத்தான் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மைக்ராஸ்கோப்பில்தான் வித்தியாசம் தெரியும். மார்பக எக்ஸ்ரேயில் அக்குள் கணுவில் இருக்கும் மைத்துகள், புற்றுநோயில் வரும் சுண்ணாம்புப் புள்ளிபோலத் தோன்றிக் குழப்பும். புற்றுநோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று தேட எடுக்கும் பெட் ஸ்கேனிலும் மை நிறைந்த கணு பளிச்சென்று எரியலாம். 2015-ல் பதிவான ஒரு நிகழ்வில், கருப்பைவாய்ப் புற்றுநோய் உள்ள ஓர் இளம்பெண்ணின் இடுப்புக் கணுக்கள் ஸ்கேனில் ஒளிர்ந்தன. நோய் பரவிவிட்டது என்று அறுவை சிகிச்சை செய்து எடுத்துப் பார்த்தால் உள்ளே இருந்தது கால் டாட்டூக்களின் மை.

அழித்துவிட்ட டாட்டூவையும் சொல்ல வேண்டும். லேசரில் தோல் வெளுத்திருக்கும், கணுவில் மை அப்படியே இருக்கும்.

மச்சத்தின் மேல் குத்தலாமா?

கூடாது. மச்சம் கெடும்போது அதன் ஓரமும் நிறமும்தான் மாறும், அவற்றைத்தான் மை மறைத்துவிடும். மச்சத்தைச் சுற்றிக் கொஞ்சம் தோலை விட்டுக் குத்தச் சொல்லுங்கள். ஏற்கெனவே குத்தியாகிவிட்டது என்றால், டாட்டூவை அழிக்க லேசர் வைக்கும் முன் அந்த மச்சத்தைத் தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

டாட்டூவால் புற்றுநோய் வருமா?

வரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை, வராது என்றும் நிரூபிக்கவில்லை. 2024-ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வு, டாட்டூ உள்ளவர்களுக்கு நிணநீர்ப் புற்றுநோய் 21 சதவீதம் கூடுதலாக இருப்பதாகச் சொன்னது. செய்திகளில் இந்த எண் பெரிதாக வந்தது. டாட்டூவின் பரப்பு கூடக்கூட ஆபத்தும் கூடவில்லை என்று அதே ஆய்வு சொன்னது அவ்வளவாக வரவில்லை. அரிதான ஒரு நோயில் 21 சதவீதக் கூடுதல் என்பது எண்ணிக்கையில் சிறியதுதான்.

சந்தேகத்தின் பேரில் ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மைகளில் 4,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களுக்குத் தடையோ வரம்போ வைத்திருக்கிறது. ஏற்கெனவே குத்தியவர் பயந்து அழிக்க ஓட வேண்டியதில்லை என்பது என் கருத்து. லேசர் சாயத்தை உடைக்கும்போது புதுப் பொருட்கள் உருவாகின்றன, அவையும் உடம்புக்குள்தான் போகின்றன.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் டாட்டூ எரியுமா?

மிக அரிதாக. சில மைகளில் இரும்பு ஆக்சைடு இருப்பதால் சூடோ குறுகுறுப்போ வரலாம். டாட்டூ உள்ள 330 பேரை ஸ்கேன் செய்து 2019-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், டாட்டூ காரணமாகத் தொந்தரவு வந்தது ஒரே ஒருவருக்கு, அதுவும் லேசான குறுகுறுப்பு. கண்ணிமையில் நிரந்தர மை தீட்டியவர்களுக்குக் கண்ணைச் சுற்றிப் படம் கலங்கித் தெரியலாம். ஸ்கேன் எடுப்பவரிடம் முன்பே சொல்லுங்கள், சூடு தெரிந்தால் உடனே கையிலிருக்கும் பட்டனை அழுத்துங்கள். டாட்டூவுக்குப் பயந்து ஸ்கேனையே தவிர்ப்பதுதான் பெரிய ஆபத்து.

கீழ்முதுகில் டாட்டூ இருந்தால் பிரசவத்துக்கு முதுகில் ஊசி போட மாட்டார்களா?

போடுவார்கள். மை இல்லாத இடைவெளியாகப் பார்த்துப் போடுவார்கள், இல்லையென்றால் தோலில் சின்னதாகக் கீறிவிட்டு அதன் வழியே போடுவார்கள். மை உள்ளே போய்க் கெடுதல் செய்ததாக நிரூபணம் இல்லை. டாட்டூ புதிதாக, ஆறாமல் இருந்தால் மட்டும் யோசிப்பார்கள்.

ரத்த வகையை, சர்க்கரை நோயை, மருந்து அலர்ஜியைப் பச்சை குத்தி வைத்தால் அவசரத்துக்கு உதவுமா?

பாதி உதவும். 'எனக்கு இன்சுலின் தேவை', 'பெனிசிலின் ஆகாது' என்று மணிக்கட்டில் இருந்தால் மயங்கிக் கிடப்பவருக்கு முதலில் சர்க்கரை பார்க்கத் தோன்றும். அது லாபம்தான்.

ரத்த வகை விஷயம் அப்படி இல்லை. 1950களில், கொரியப் போர்க் காலத்தில், அணுகுண்டுக்குப் பயந்து அமெரிக்காவின் இண்டியானா, யூட்டா மாநிலங்களில் சில பகுதிகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கே ரத்த வகையைப் பச்சை குத்தினார்கள். கை துண்டானாலும் எழுத்து மிஞ்ச வேண்டும் என்று அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம் குத்தினார்கள். திட்டம் பரவவில்லை, மருத்துவர்களே அதை நம்பவில்லை. இன்றும் தோலில் எழுதியதைப் பார்த்து யாரும் ரத்தம் ஏற்ற மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் சோதித்துப் பொருத்தம் பார்த்துத்தான் ஏற்றுவார்கள்.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது "என்னைப் பிழைக்க வைக்க வேண்டாம்" என்று நெஞ்சில் குத்திக்கொள்வது. 2017-ல் அமெரிக்காவின் மயாமியில், நினைவில்லாத 70 வயது முதியவர் ஒருவர் மருத்துவமனைக்கு வந்தார். நெஞ்சில் அந்த வாசகம், 'வேண்டாம்' என்பதற்கு அடிக்கோடு, கீழே கையெழுத்தும் டாட்டூவாக. டாக்டர்கள் முதலில் அதைக் கணக்கில் எடுக்காமல் சிகிச்சையைத் தொடங்கினார்கள். மருத்துவ அறம் பார்க்கும் குழு, இது அவர் விருப்பம் என்றே கொள்ளலாம் என்றது. பிறகு அவருடைய எழுத்துபூர்வமான ஆவணமும் கிடைத்தது, அதே விருப்பம்தான்.

சரி, அப்படியென்றால் டாட்டூவை நம்பலாமா? 2012-ல் பதிவான இன்னொருவர் கதையைக் கேளுங்கள். 59 வயது, நெஞ்சில் அதே பொருள் தரும் சுருக்கெழுத்து. நல்ல நினைவோடு இருந்ததால் கேட்டுவிட்டார்கள். "ஐயோ, என்னைக் கட்டாயம் பிழைக்க வையுங்கள்" என்றார். அந்த டாட்டூ, குடிபோதையில் சீட்டாட்டப் பந்தயத்தில் தோற்றதற்குத் தண்டனையாம்.

நெஞ்சில் ஒரே ஒரு கறுப்புப் புள்ளி குத்தியிருக்கிறார்களே, அது என்ன?

பெரும்பாலும் கதிர்வீச்சு சிகிச்சையின் அடையாளம். தினமும் கதிர் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்பதற்காக, கடுகளவுப் புள்ளிகள் இரண்டு மூன்றைக் குத்திவிடுவார்கள். பல வருடம் கழித்து வேறொரு டாக்டர் அதைப் பார்த்தால், "மார்பில் கதிர் சிகிச்சை எடுத்தீர்களா?" என்று கேட்பார். மார்பில் கதிர் பட்டிருந்தால் இதயமும் தைராய்டும் பிற்காலத்தில் பாதிக்கப்படலாம் என்பதால் அது பயனுள்ள தகவல். குடலுக்குள்ளும் டாட்டூ உண்டு. குழாய் விட்டுப் பார்க்கும்போது சந்தேகமான கட்டி இருக்கும் இடத்தில் கரி மையைப் போட்டு வைப்பார்கள், அப்புறம் அறுவை செய்பவர் தேட வேண்டியதில்லை.

தற்காலிக 'கறுப்பு மருதாணி' பாதுகாப்பானதுதானே?

இல்லை. உண்மையான மருதாணி ஆரஞ்சு, செம்பழுப்பாகத்தான் பிடிக்கும், ஜெட் கறுப்பாகப் பிடிக்காது. சில நிமிடத்தில் கறுக்கிறது என்றால் ஹேர் டையில் போடும் பி.பி.டி. என்ற ரசாயனம் கலந்திருக்கிறது. கோலத்தின் வடிவத்திலேயே கொப்புளம் வரும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. ஒருமுறை இந்த அலர்ஜி ஏறினால் ஆயுளுக்கும் போகாது. வருடங்கள் கழித்து முதல் நரையை மறைக்க டை அடிக்கும்போது முகமே வீங்கிவிடும். ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பி.டி. என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அசல் மருதாணிகூட ஆகாது, ரத்த அணுக்கள் உடையும்.

டாட்டூவைப் பார்த்து ஒருவரின் பழக்கவழக்கத்தைக் கணிக்கலாமா?

கணிக்கிறார்கள் என்பது உண்மை. கணிப்பது சரியா என்பது வேறு. நிறைய டாட்டூ, போதைப் பழக்கம், முரட்டுத்தனம் என்று முடிச்சுப் போடும் டாக்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கணிப்பால் வலியோடு வந்தவருக்கு வலி மருந்து தயங்கித் தரப்பட்டால் அது சிகிச்சைக் குறைபாடு, வேறென்ன?

கவனிக்க வேண்டியவையும் இருக்கின்றன. முன்கையில் வரிசையாக இருக்கும் கீறல் தழும்புகளின் மேல் குத்திய படம், ஒரு பழைய வேதனையை மூடியிருக்கலாம். அரைப்புள்ளி அடையாளம், தற்கொலை எண்ணத்தோடு போராடி மீண்டவர்கள் போட்டுக்கொள்வது. ஆனால் பார்க்க அழகாக இருக்கிறது என்று போட்டவரும் உண்டு. கேட்டால்தான் தெரியும், கேட்கும் விதத்தில் கேட்டால். இடது முன்கையில் எண் குத்தப்பட்ட முதியவர் நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து தப்பியவராக இருக்கலாம். கைதிகளுக்கு எண் பச்சை குத்தியது அந்த முகாமில் மட்டும்தான். அவரிடம் வரிசையில் நில்லுங்கள், உடையைக் கழற்றிக் குளியலறைக்கு வாருங்கள் என்று அதட்டுவதற்கு முன் அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வைத்தியமாகவே டாட்டூ குத்தியது உண்டா?

உண்டு போலத்தான் தெரிகிறது. 1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த ஓட்ஸி என்ற 5,300 ஆண்டு பழைய மனிதனின் உடலில் 61 டாட்டூக்கள் எண்ணப்பட்டன. எல்லாம் வெறும் கோடுகளும் சிலுவைக் குறிகளும். பலவும் கீழ்முதுகு, முழங்கால், கணுக்கால் பக்கம். எக்ஸ்ரேயில் அதே மூட்டுகளில் தேய்மானம் தெரிந்தது. வலிக்கு வைத்தியமாகக் குத்தியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். ஐயாயிரம் வருடத்துக்கு முந்தைய மூட்டுவலி ஒருவருடைய தோலில் எழுதியிருப்பதாக நினைத்தால் கொஞ்சம் உருகத்தான் செய்கிறது.

நோய் வந்தால் நிறம் மாறும் டாட்டூ வந்துவிட்டதாமே?

ஆய்வகத்தில் இருக்கிறது, கடையில் இல்லை. சர்க்கரை அளவுக்கும் அமிலத்தன்மைக்கும் ஏற்ப நிறம் மாறும் மையை அமெரிக்க ஆய்வாளர்கள் 2017-ல் பன்றித் தோலில் காட்டினார்கள். 2018-ல் சூரிச் விஞ்ஞானிகள், ரத்தத்தில் கால்சியம் தொடர்ந்து கூடினால் தோலில் மச்சம்போலக் கறுத்துக் காட்டும் செல்களை எலிகளுக்குள் வைத்தார்கள். சில புற்றுநோய்களில் கால்சியம் கூடும் என்பதால் இந்த யோசனை. விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுப்பதை இப்போதைக்கு நிறுத்த முடியாது.

தடித்த டாட்டூவை லேசரில் அழித்துவிட்டால் தொல்லை தீர்ந்துவிடுமே?

அவசரப்படாதீர்கள். அலர்ஜி உள்ள மையை லேசர் தூள் தூளாக்கும்போது அது உடம்பு முழுக்கப் பரவி, மூச்சுத் திணறல்வரை கொண்டுபோனதும் நடந்திருக்கிறது. சார்காய்டோசிஸ் இருந்தால், காட்டிக்கொடுத்த சாட்சியைக் கலைத்துவிட்டு நோயை உள்ளேயே விட்டதாகிவிடும். முதலில் தோல் டாக்டரிடம் காட்டுங்கள், பயாப்சி எடுக்கச் சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது நல்ல வெளிச்சத்தில் எடுத்த பழைய போட்டோ இருந்தால் கொண்டுபோங்கள், குத்திய புதிதில் எடுத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. கடைக்காரரிடம் மைப் பாட்டிலின் பெயரும் தொகுதி எண்ணும் கிடைத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.